நகரம் பெருத்தால் கூலி பெருகுமா?



"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்பது நம் முன்னோர் வாக்கு. ஜொகூர் நீரிணைக்கு இப்பால், தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு அக்கரை என்றால் அது சிங்கப்பூர்தான். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையை எங்கே வேலைக்கு அனுப்புவது என்ற பேச்சு வீட்டில் எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் மோதிக்கொள்கின்றன. "அது வளர்கிற ஊர். சனம் கூடினால் வேலை கூடும், வேலை கூடினால் சம்பளம் கூடும்" என்பார் ஒருவர். "சனம் கூடக் கூடப் போட்டிதான் கூடும். நீ கேட்கும் சம்பளத்தைவிடக் குறைத்துக் கேட்க இன்னொருவன் வந்து நிற்பான்" என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. வளர்ந்துவரும் நகரத்தில் மக்கள் தொகைக்கு ஈடுகொடுத்துக் கூலியும் வளருமா? இதற்கு வரலாறு தரும் விடை என்ன? இன்று அதைக் காண்போம்.

ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்தவுடன் நாம் கால்வைக்கும் வட்டாரம் உட்லண்ட்ஸ். அங்கே, பாலத்துக்கு அணித்தாக இருப்பது மார்சிலிங். இன்று வானளாவிய அடுக்குமாடி வீடுகளும், தொழிற்கூடங்களும், பள்ளிகளும் நிறைந்த பகுதி. ஸ்ரீ சிவ-கிருஷ்ணா ஆலயமும் அங்கேதான் உள்ளது. 1996ஆம் ஆண்டில் அங்கே பெருவிரைவு ரயில் நிலையமும் வந்துவிட்டது. ஆனால் மார்சிலிங் என்பது முதலில் ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர்! அன்னாசி, ரப்பர்ப் பயிர்களில் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் என்னும் சீனச் செல்வர் அதன் உரிமையாளர். சீனாவில் உள்ள தம் பூர்வீக ஊரோடு தொடர்புடைய பெயரையே அவர் தோட்டத்துக்குச் சூட்டினார் என்பர். 1936ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். யீஷூன் என்ற புதுநகர் அவர் பெயரையே சீன ஒலிப்பில் தாங்கி நிற்கிறது. ஆகவே, பால்மரம் நின்ற மண்ணே நகரமாக மாறிய வரலாறு இது. தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இது அயலார் கதையன்று.

முதலில் மக்கள் தொகைக் கணக்கைப் பார்ப்போம். 1824ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வாழ்ந்தவர் 10,683 பேர். 1931இல் அத்தொகை 5 இலட்சத்து 57 ஆயிரம். 1947இல் 9 இலட்சத்து 38 ஆயிரம். 1957இல் 14 இலட்சத்து 46 ஆயிரம். 1970இல் 20 இலட்சத்து 74 ஆயிரம். 1980இல் 24 இலட்சத்து 14 ஆயிரம். 2000இல் 40 இலட்சத்து 28 ஆயிரம். 2010இல் 50 இலட்சத்து 77 ஆயிரம். 2024இல் 60 இலட்சத்தையும் தாண்டிவிட்டது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இவற்றிடம் வருவோம்.

அடுத்து, கூலி என்றால் என்ன என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கையில் வாங்கும் காசு ஒன்று. அந்தக் காசு வாங்கித் தரும் பொருள் வேறொன்று. எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். ஒருவருடைய நாட்கூலி 10 வெள்ளி, அரிசி கிலோ 1 வெள்ளி என்று கொள்வோம். அவர் ஒருநாள் உழைப்பு 10 கிலோ அரிசிக்குச் சமம். சில ஆண்டுகள் கழித்துக் கூலி 15 வெள்ளியாகிறது. அரிசியோ கிலோ 2 வெள்ளியாகிறது. இப்போது அதே உழைப்புக்குக் கிடைப்பது ஏழரைக் கிலோதான். காசு கூடியது, கூலி குறைந்தது! பொருளியல் அறிஞர்கள் முன்னதைப் பணக்கூலி என்றும், பின்னதை உண்மைக் கூலி என்றும் பிரித்துக் கூறுவர். குடும்பத்தின் அடுப்பை எரிய வைப்பது உண்மைக் கூலியே.

மக்கள் தொகைக்கும் கூலிக்கும் உள்ள உறவைப் பற்றி உலகம் முழுவதும் பேச வைத்தவர் மால்தஸ் என்னும் ஆங்கிலேயர். 1798ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலில், உணவு பெருகும் வேகத்தைவிட மக்கள் பெருகும் வேகம் மிகுதி. ஆகவே உழைப்பாளி எப்போதும் வறுமையின் விளிம்பிலேயே நிற்பான் என்ற கருத்தை முன்வைத்தார். அவருக்கு முந்திய காலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். 1348ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் கொடிய கொள்ளைநோய் பரவி, மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரை மாய்த்தது. வயலில் இறங்க ஆள் இல்லை. எஞ்சிய உழவர்கள் கூடுதல் கூலி கேட்டனர். நிலக்கிழார்கள் என்ன செய்தார்கள்? நோய்க்கு முந்திய கூலிக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1351இல் சட்டமே இயற்றினார்கள். ஆனாலும் காலப்போக்கில் கூலி உயரவே செய்தது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஆள் குறைந்தால் கூலி உயரும் என்பது ஒன்று. அதை உயரவிடாமல் தடுக்கும் வல்லமை உள்ளவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பது மற்றொன்று. மால்தஸ் கூறியவற்றைப் பிற்காலம் பொய்யாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் மக்களும் பெருகினர், கூலியும் உயர்ந்தது. எந்திரங்களும் தொழிற்சாலைகளும் ஒவ்வோர் உழைப்பாளியின் விளைவைப் பன்மடங்காக்கின. தொழிற்சங்கங்கள் அதில் பங்கு கேட்டன. ஆக, வாய்கள் எத்தனை என்பதை மட்டும் எண்ணிக் கூலியைக் கணிக்க முடியாது.

இனி நம் சொந்த வரலாற்றுக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரும் செலவை முதலாளிகள் எல்லாரும் பகிர்ந்துகொள்வதற்காக 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கங்காணி ஊருக்குப் போவார். உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். கப்பல் கட்டணத்தை நிதி ஏற்கும். 1920களின் பிற்பகுதியில் பல மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலைக்கூலி விதிக்கப்பட்டது. பின்னர் உலகப் பெருமந்தம் வந்தது. ரப்பர் விலை வீழ்ந்தது. 1930இல் கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அதோடு நின்றதா? வேலையற்றுப்போன ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 1930க்கும் 1932க்கும் இடையே கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ரப்பர் விலை தேறியதும் மீண்டும் ஆள் வரவழைக்கப்பட்டது.

விலை உயர்ந்தால் ஆள் குறைவாக இருக்கும். அப்போது கூலி உயர வேண்டும். ஆனால் உயரும் தறுவாயில் கப்பலில் புதிய ஆள் வந்து இறங்கினார். விலை வீழ்ந்தால் ஆள் மிகுதியாக இருக்கும். அப்போது கூலியும் குறைந்தது, ஆளும் அனுப்பப்பட்டார். தண்ணீர்க் குழாயைத் திருகுவதுபோல் மனிதரைத் திறந்தும் மூடியும் வைத்திருந்தார்கள். லயத்தில் பிள்ளைகள் அதிகம் பிறந்ததால்தான் நம் முன்னோர் ஏழைகளாக இருந்தார்கள் என்று சிலர் இன்றும் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. குழாயின் திருகு யார் கையில் இருந்தது என்பதே பெரிய கேள்வி.

இதற்குச் சான்று 1938ஆம் ஆண்டு. அதற்கு முன், 1936இல் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து, தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, பழைய 50 காசு, 40 காசுக் கூலியை மீட்டுத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். கூலி மீண்டது. ஆனால் 1938இல் ரப்பர் விலை சரிந்ததும் திரும்பவும் வெட்டு விழுந்தது. இம்முறை இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதையே தடைசெய்துவிட்டது. வாசல் மறுபக்கத்திலிருந்து அடைபட்டது. அதன் பிறகு, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அது துப்பாக்கியால் அடக்கப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. எனினும், தங்களுக்கு மாற்றாள் எளிதில் வரமாட்டார் என்று தெரிந்தபோதே அவர்கள் குரல் அத்தனை வலுவாக எழுந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த உண்மையைப் பொருளியல் கோட்பாடாக வகுத்துக் கூறியவர் ஆர்தர் லூயிஸ். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் லூசியாவில் பிறந்த கறுப்பினத்தவர். 1979ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1954இல் வெளிவந்த அவர் கட்டுரையின் சாரம் இது: எங்கேனும் ஓரிடத்தில் வேலையின்றியோ அரைவயிற்றுக் கூலிக்கோ இருக்கும் மக்கள் திரள் இருந்து, அங்கிருந்து நகரத்துக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும் வரை, நகரம் எவ்வளவு செழித்தாலும் எளிய வேலைக்கான கூலி உயராது. செழிப்பின் பயன் முதலாளியின் இலாபமாகும். அந்தத் திரள் வற்றிய பிறகே கூலி ஏறத் தொடங்கும். ஆகவே நகரத்தின் கூலியை அறிய நகரத்தின் மக்கள் தொகையை மட்டும் எண்ணினால் போதாது. அதன் வாசலுக்கு வெளியே காத்திருப்போரையும் எண்ண வேண்டும்.

நகரத்துக்கு மக்கள் இரண்டு வழிகளில் வருகிறார்கள். தொட்டில் வழியாக வருவது ஒன்று. வாசல் வழியாக வருவது மற்றொன்று. தொட்டிலில் பிறந்த குழந்தை வேலைக்குப் போகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை அதற்குப் பாலும் உடையும் பள்ளியும் வேண்டும். அவையே பிறருக்கு வேலையாகின்றன. வாசல் வழியாக வருபவரோ வளர்ந்த ஆளாக வருகிறார்; மறுநாளே வேலையில் இறங்குகிறார். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் சிங்கப்பூரின் கணக்கு தெளிவாகும்.

1947க்கும் 1957க்கும் இடையே சிங்கப்பூரின் மக்கள் தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு 4.4 வீதம் பெருகியது. இந்த வேகத்தில் போனால் பதினாறு ஆண்டுகளில் ஊர் இரட்டிப்பாகும். அப்பெருக்கத்தில் பெரும்பகுதி தொட்டில் வழியாக வந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு பிள்ளைகள் அளவில் இருந்த காலம் அது. துறைமுகமும் வணிகமும் தந்த வேலை இவ்வளவு பேருக்கும் போதவில்லை. மார்சிலிங்கிலிருந்து சிறிது தொலைவில், செம்பவாங்கில், 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளம் நம்மவர் பலருக்குச் சோறு போட்டது. அங்கே வேலை கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவர்களோ நாட்கூலிக்கு அலைந்தனர். வேலை குறைவு, கைகள் மிகுதி. ஆகவே கூலி தேங்கியது. 1955இல் மத்திய சேமநிதி தொடங்கப்பட்டதும், 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டதும் இந்த நெருக்கடியின் நடுவில்தான்.

பிறகு வந்த இருபது ஆண்டுகள் வேறு கதை. 1960இல் ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ், தொழில்மயமே வழி என்று கூறினார். ஜூரோங்கில் தொழிற்பேட்டை எழுந்தது. 1966ஆம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் பணி தொடங்கியது. பெண் ஒருத்திக்குரிய சராசரிப் பிள்ளைப்பேறு 1970இல் 3.07 ஆகவும், 1975இல் 2.07 ஆகவும் இறங்கியது. பிரிட்டிஷ் படைத்தளங்கள் அந்நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தந்துவந்தன. அவை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது நாடே கலங்கியது. 1968இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டங்கள் தொழிற்சங்கங்களின் கையைக் கட்டின. முதலாளிகளை ஈர்க்கக் கூலி அடக்கி வைக்கப்பட்டது. ஆனால் மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. பெண்கள் திரளாக வேலைக்குப் போயினர். ஒரு குடும்பத்தில் ஒரு சம்பளம் இருந்த இடத்தில் இரண்டு சம்பளம், மூன்று சம்பளம் என்றாயிற்று. மார்சிலிங் மண்ணில் பால்மரங்களுக்குப் பதில் அடுக்குமாடி வீடுகள் எழுந்த காலமும் இதுவே.

1970க்கும் 1980க்கும் இடையே மக்கள் தொகைப் பெருக்கம் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.5 வீதமாகச் சுருங்கியது. வேலைகளோ அதைவிட வேகமாகப் பெருகின. 1972இல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பினரும் அமரும் தேசிய சம்பள மன்றம் பேராசிரியர் லிம் சோங் யா தலைமையில் அமைந்தது. ஆண்டுதோறும் சம்பள உயர்வு எவ்வளவு இருக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. 1979இல் மன்றம் ஒரு படி மேலே சென்றது. மலிவான கூலியை நம்பும் தொழில்கள் இனி வேண்டா, கூலி உயர்ந்தால்தான் முதலாளிகள் நல்ல எந்திரங்களை வாங்குவார்கள் என்று கருதி, மூன்று ஆண்டுகளுக்குப் பெரிய உயர்வுகளைப் பரிந்துரைத்தது. லூயிஸ் கூறிய திருப்புமுனை இதுவே எனலாம். நகரம் வளர்ந்தது, மக்களும் பெருகினர், கூலியும் உயர்ந்தது. மூன்றும் ஒருங்கே நடக்க முடியும் என்பதற்கு இந்தப் பத்தாண்டு சான்று.

ஆயினும் உயர்வு ஒரே சீராகச் செல்லவில்லை. 1985இல் பொருளாதாரம் சரிந்தது. 1986இல் கூலிக் கட்டுப்பாடு வந்தது. முதலாளிகள் சேமநிதிக்குச் செலுத்திவந்த பங்கு நூற்றுக்கு 25 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டது.

இதற்கிடையே வாசல் அகலத் திறந்துகொண்டிருந்தது. முன்பு பெரும்பாலும் மலேசியாவிலிருந்து வந்தவர்களே வேலை அனுமதி பெற்றனர். நம் தோட்டங்களிலிருந்து சென்ற இளைஞர்களும் யுவதிகளும் அவர்களுள் அடங்குவர். பின்னர் இந்தியா, வங்காளதேசம், இலங்கை, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்தும் ஆள் வந்தது. சிங்கப்பூரில் நிரந்தரவாசம் இல்லாத அயல்நாட்டினர் 1970இல் 61 ஆயிரம் பேர். 1990இல் 3 இலட்சத்து 11 ஆயிரம். 2000இல் ஏழரை இலட்சம். 2010இல் 13 இலட்சம். 2024இல் 18 இலட்சத்தைத் தாண்டியது. தொட்டிலோ வெறுமையாகிக்கொண்டே வந்தது. 2023இல் சராசரிப் பிள்ளைப்பேறு 0.97தான். ஆகவே 1990க்குப் பிறகு அந்நகரம் பெருத்தது முதன்மையாக வாசல் வழியாகவே.

கூலி என்ன ஆயிற்று? படித்தவர், தொழில் நுணுக்கம் அறிந்தவர் ஆகியோரின் வருவாய் நன்றாக உயர்ந்தது. துப்புரவு, காவல், சுமைதூக்கல் போன்ற எளிய வேலைகளில் நின்றோர் நிலை வேறு. 2000க்குப் பிந்திய முதற் பத்தாண்டில் மக்கள் தொகை பத்து இலட்சம் கூடியது. பொருள்களின் விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், அடித்தட்டுத் தொழிலாளரின் உண்மைக் கூலியோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. ஊர் பளபளத்தது, ஊரைப் பெருக்கித் துடைத்தவர் கூலி பளபளக்கவில்லை.

அரசும் இதைக் கண்டது. 2007இல் குறைந்த வருவாய் ஈட்டும் குடிமக்களுக்கு அரசே துணை வருமானம் தரும் திட்டம் வந்தது. 2012இல், முன்பு தேசிய சம்பள மன்றத்துக்குத் தலைமை தாங்கிய அதே லிம் சோங் யா, மாதம் 1,500 வெள்ளிக்குக் குறைவாகப் பெறுவோரின் சம்பளத்தை மூன்றாண்டுகளில் பாதியளவு உயர்த்த வேண்டும் என்று கூறியபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. அது அப்படியே ஏற்கப்படவில்லை. ஆனால் அவ்வாண்டு சம்பள மன்றம், மாதம் 1,000 வெள்ளி வரை பெறுவோருக்குக் குறைந்தது 50 வெள்ளியாவது உயர்த்தும்படி பரிந்துரைத்தது. 2014இல் துப்புரவுத் துறையில், உரிமம் பெறும் நிறுவனங்கள் உள்நாட்டுப் பணியாளருக்குக் குறைந்தது 1,000 வெள்ளி தர வேண்டும் என்ற விதி வந்தது. பயிற்சி பெறப் பெறப் படிப்படியாக உயரும் சம்பள முறை இது. 2023 ஜூலையில் அந்த அடிநிலைச் சம்பளம் 1,570 வெள்ளி ஆயிற்று. கூலி தானாக ஏறவில்லை. படி கட்டியதால் ஏறியது.

அந்தப் படி எல்லாருக்கும் உரியதா? குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் வந்தவருக்கு அது கட்டாயமில்லை, சேமநிதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையில் கூடும் கட்டுமானத் தொழிலாளரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து, முகவருக்குக் கடன்பட்டுப் பணம் கட்டி வந்தவர் பலர் அக்கூட்டத்தில் உண்டு. முதல் சில மாதச் சம்பளம் கடனுக்கே போய்விடுகிறது. அன்று கங்காணியின் கணக்கில் கடனோடு கப்பலிலிருந்து இறங்கிய நம் பாட்டன்மாரின் முகமே அங்கே தெரிகிறது. கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று அவர்களைப் பழிப்பது, நம் பாட்டன்மாரையே பழிப்பதாகும். குழாயில் வரும் தண்ணீரைக் கோபித்துப் பயனில்லை. திருகைப் பிடித்த கையைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் பக்கத்து நிலவரமும் இதனின்று வேறுபட்டதன்று. நம் மக்கள் தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போகத் தொடங்கியபோது, தோட்டத்தில் ஆள் குறைந்தது. கூலி உயர்ந்திருக்க வேண்டிய நேரம் அது. அந்த இடத்தை நிரப்ப இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் வரவழைக்கப்பட்டது. மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டில். தீபகற்பத்துக்கு அது மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட்டாயிற்று. இங்கும் படி கட்டிய பிறகே அடிநிலைக் கூலி நகர்ந்தது.

இனி, நாள்தோறும் விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் கடற்பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸுக்கும் மார்சிலிங்குக்கும் வேலைக்குப் போவோரைப் பற்றிச் சில சொற்கள். சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் 1973 வரை ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றப்பட்டன. 2024இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். அக்கரையில் உழைத்து இக்கரையில் அரிசி வாங்குபவருக்கு உண்மைக் கூலி பெரிதாகத் தெரிவது இதனால்தான். அதே சம்பளத்தை வாங்கிக்கொண்டு அக்கரையிலேயே அறை வாடகை கொடுத்து, அங்கேயே உண்டு வாழ்பவருக்கு நிலை வேறு. அந்நாட்டுக் குடிமக்களுக்கு அரசு கட்டித் தந்த வீடு உண்டு. 1980களின் நடுப்பகுதியிலேயே ஐந்தில் நால்வர் அவ்வீடுகளில் வாழ்ந்தனர். வேலை அனுமதியில் போகும் நம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே சம்பள எண்ணை மட்டும் கேட்டு மனம் மயங்கலாகாது. தினமும் பாலத்தில் கழியும் மணிநேரத்துக்கும் ஒரு விலை உண்டு.

அப்படியானால் தொடக்கத்தில் மோதிக்கொண்ட இருவருக்கும் நாம் என்ன விடை சொல்வோம்? சனம் கூடியது என்பதாலேயே கூலி கூடாது. சனம் கூடியது என்பதாலேயே கூலி குறையவும் செய்யாது. கைகளைவிட வேலை வேகமாகப் பெருகினால், வாசலின் திருகு ஒரு தரப்பின் கையில் மட்டும் இல்லாதிருந்தால், கூலி பேசும் மேசையில் உழைப்பவருக்கும் ஓர் இருக்கை இருந்தால், மக்களும் பெருகலாம், கூலியும் பெருகலாம். 1970களின் சிங்கப்பூர் அதைக் காட்டியது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், எத்தனை மாடி எழுந்தாலும் அடித்தட்டில் நிற்பவர் கூலி தேங்கிவிடும். 1930களின் தோட்டமும், 2000களின் சிங்கப்பூரும் அதைக் காட்டின.

இந்த வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பயன் ஒன்று உண்டு. பிள்ளை வேலைக்குப் புறப்படும்போது, "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "செலவு போக மிச்சம் எவ்வளவு? சேமநிதி உண்டா? தங்குமிடம் யார் பொறுப்பு? நீ செய்யும் வேலையை நாளைக் காலையில் வந்திறங்கும் புதியவர் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட முடியுமா?" என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "முடியும்" என்பது விடையானால், அந்தக் கூலி உயர வழி குறைவு. மின்கம்பி இணைப்போ, உலோக ஒட்டுவேலையோ, எந்திரம் பழுதுபார்ப்பதோ, தாதிமைப் பயிற்சியோ, ஏதேனும் ஒன்றைச் சான்றிதழோடு கற்றுக்கொண்டு போகும் பிள்ளை எந்தக் கரையில் நின்றாலும் தன் கூலியைப் பேசும் நிலையில் இருப்பான், இருப்பாள். ஓரிரு ஆண்டுப் படிப்புக்காகப் பொறுத்திருப்பது இன்றைய வருமானத்தை இழப்பதுபோலத் தோன்றலாம். அந்த இழப்பின் பயனை நெடுங்காலம் அடைவோம்.

சங்கக் கூட்டத்துக்குப் போவதும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுவதும் அதே அளவு முக்கியம். மார்சிலிங்கில் பால்மரம் போய் மாடிவீடு வந்தது. ஆனால் கூலி எப்படி ஏறும் என்ற கணக்கு மாறவில்லை. அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லித்தருவது ஆசிரியர்களின் கடமை. பெற்றோர்களின் கடமையும் ஆகும்.